சந்தையில் சொன்ன பெயர்

அறந்தாங்கி,
12-8-1957

அன்பும் மரியாதையும் மிகுந்த அத்தான் அவர்களுக்குச் சொர்ணவல்லி எழுதிக்கொண்டது.

இங்கே அத்தைக்கும் பிள்ளைகளுக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. அங்கே சானடோரியத்தில் தரும் பாலையும் முட்டையையும் மிச்சம் வைக்காமல் சாப்பிடுகிறீர்களா? போன கடிதத்திலும் கேட்டேன், பதில் இல்லை. இங்கே இன்னும் மழை இறங்கவில்லை. கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டது, ஆனால் வற்றவில்லை.

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. பல்பொடிக்கு விளம்பரம் குறையக்கூடாது என்று எழுதியிருந்தீர்கள். ஆவுடையார்கோவில் திருவிழாவில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், டூரிங் டாக்கீசில் சிலைடு போட வேண்டும், ரோட்டோரச் சுவர்களில் அழிந்துபோன எழுத்தை மறுபடி எழுத வேண்டும், பொன்னமராவதி வரை பஸ்ஸில் போய்க் கடைக்காரர்களைப் பார்த்து வர வேண்டும். எல்லாம் நீங்கள் சைக்கிளில் சுற்றிச் செய்ததுதான். அப்போது வீட்டில் பொடி இடிக்க நான் இருந்தேன். இப்போது பட்டையையும் கிராம்பையும் இடித்துச் சலிப்பதும் நான், பொட்டலம் கட்டுவதும் நான். அத்தையை எழுப்பி உட்கார வைப்பதற்கும் நான்தான் வேண்டும். விளம்பரத்துக்கென்று எனக்கு மிஞ்சுவது சந்தை நாளின் காலைப்பொழுது ஒன்றுதான்.

நீங்கள் போன புதிதில் எல்லாவற்றையும் செய்து பார்த்தேன். திருவிழாவில் நோட்டீஸ் கொடுத்தேன், டாக்கீசுக்கும் ஆள் அனுப்பினேன். அந்த அலைச்சலில் பொடி இடிக்க முடியாமல் போய், கேட்டு வந்தவர்களுக்குக் கொடுக்கச் சரக்கு இல்லை. பிறகு சரக்கு இருந்தபோது கேட்க ஆள் இல்லை. அதனால் மற்றதை எல்லாம் விட்டுவிட்டுச் சந்தையை மட்டும் வைத்துக்கொண்டேன். மேற்கு வாசலில், கீரை விற்கும் மருதாயிக்குப் பக்கத்தில், வாராவாரம் அதே இடம். சின்னவளுக்கு அம்மை போட்டிருந்த வாரம் மட்டும் நான் போகவில்லை. அன்றைக்கும் மருதாயி என் கூடையைத் தன் கூடையோடு சேர்த்து வைத்து விற்றாள். வாங்காமல் போகிறவர்களும் இப்போது தலையை ஆட்டிவிட்டுப் போகிறார்கள்.

ஒரே ஒரு சங்கடம். பொடிக்கு உங்கள் பெயரை வைத்திருக்கிறீர்கள். அதை நான் எப்படிக் கூவுவது? "பல்பொடி, நல்ல பல்பொடி" என்பதோடு நிறுத்திக்கொள்வேன். மருதாயிதான் கீரைக்குக் குரல் கொடுக்கும்போது உங்கள் பெயரையும் சேர்த்துக் கூவுவாள்.

ஆனி மாதத்தில் நடந்த ஒன்றை நான் உங்களுக்கு எழுதவில்லை. இப்போது எழுத வேண்டியிருக்கிறது. மளிகைக்கடை ரெங்கராஜ் அண்ணன் நாம் போட்டிருந்த பொட்டலங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "தப்பா நெனைக்காதம்மா. ஒன் வீட்டுக்காரருக்குக் காசநோயின்னு ஊரெல்லாம் பேச்சு. வாயில வைக்கிற சாமான், சனம் பயப்படுது" என்றார். அவர்மேல் குற்றம் இல்லை. மற்றக் கடைகளிலும் அப்படியே ஆயிற்று. எனக்கு மிஞ்சியது சந்தை ஒன்றுதான்.

அடுத்த சந்தையில் மருதாயி இல்லை. மகள் பிரசவத்துக்குப் போயிருந்தாள். நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். வெற்றிலைக் கட்டோடு போன ஒரு பெரியவர் நின்று, "ஏம்மா, இந்தப் பொடிக்காரரு போய்ச் சேந்துட்டாராமுல்ல? இன்னுமா அவரு பேரச் சொல்லி விக்கிறீக?" என்று சத்தமாகக் கேட்டார். என் நெற்றியில் குங்குமம் இருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. போகிறவர்கள் நின்றுவிட்டார்கள். எனக்கு வந்தது கோபமா அழுகையா என்று இன்றைக்கும் தெரியவில்லை. எழுந்து நின்றேன்.

"எங்க வீட்டுக்காரவுக பேரு ஆத்மநாதன். உசுரோட இருக்காக. காசநோய்க்கு ஆசுபத்திரியில வைத்தியம் பாக்குறாக. இந்தப் பொடி அவுக போன பொறவு நான் இடிச்சது. அவுக கை இதுல படல. இஷ்டம் இருந்தா வாங்குங்க, இல்லாட்டி விடுங்க" என்று சொன்னேன். ஒரு பொட்டலத்தைப் பிரித்து அவர்கள் முன்னாலேயே பல் தேய்த்து வாய் கொப்பளித்தேன். பெரியவர் போய்விட்டார். அன்றைக்கு ஒருவரும் வாங்கவில்லை.

அடுத்த வாரமும் அதே இடத்தில் உட்கார்ந்தேன். யாரும் கேட்காமலே அதையே சொன்னேன். அதற்கடுத்த வாரமும் சொன்னேன். அன்றைக்கு ராக்காயி என்று நாகுடிப் பக்கத்துப் பெண் ஒருத்தி வந்து என் பக்கத்தில் குந்தினாள். "எந் தம்பியும் காசநோய் ஆசுபத்திரியிலதான் கெடக்கான். வேலைக்குப் போயிருக்கான்னு ஊருல சொல்லி வச்சிருக்கோம். நீங்க என்னடான்னா சந்தையில நின்னு சொல்றீக" என்றாள். இரண்டு பொட்டலம் வாங்கினாள். மறுவாரம் தன் தெருப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

போன வாரம் ரெங்கராஜ் அண்ணன் தாமாகவே கூப்பிட்டு, "கொஞ்சம் போட்டுட்டுப் போம்மா, கேக்குறாக" என்றார். மற்றக் கடைக்காரர்கள் இன்னும் எடுக்கவில்லை. எடுக்காமலே போனாலும் போகலாம்.

நான் உங்கள் பெயரைச் சொன்ன செய்தி அத்தையின் காதுக்கும் வந்துவிட்டது. அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. மறுநாள் நான் அவருக்குத் தலைவாரிவிடும்போது, "உசுரோட இருக்கான்னு சொன்னியா?" என்று கேட்டார். சொன்னேன் என்றேன். "எல்லாருக்கும் கேக்குறாப்புலயா?" என்றார். ஆமாம் என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

உங்கள் கடிதத்தின் அடியில் எழுதியிருந்ததற்கு வருகிறேன். டாக்டர் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்கிறார், செய்தால் இன்னும் பல மாதம் படுக்க வேண்டும், அதற்குள் வியாபாரம் அழிந்துவிடும், அதனால் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டு மாதக் கடைசியில் ஊருக்கு வந்துவிடுகிறேன் என்கிறீர்கள். இவ்வளவையும் நான் எழுதியது அதற்காகத்தான். வியாபாரம் நீங்கள் வைத்திருந்த அளவுக்கு இல்லை. பொன்னமராவதியில் நம் பொடி இப்போது கிடைக்காது. சுவர்களில் எழுத்து அழிந்துதான் கிடக்கிறது. ஆனால் சந்தைக்கு வருகிறவர்களுக்கு நாம் எங்கே இருப்போம் என்று தெரியும். நாங்கள் சாப்பிடுகிறோம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். நீங்கள் அவசரமாக வந்து பார்க்க வேண்டிய வேலை இங்கே ஒன்றும் இல்லை.

ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டுவிடுங்கள். பயமாக இருக்கும். எனக்கும் இருக்கிறது. போட்டாயிற்று என்று ஒரு வரி எழுதினால் போதும். நோட்டீசைப் பற்றியும் சிலைடைப் பற்றியும் இந்தத் தடவை எழுத வேண்டாம்.

நாளை சந்தை. நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள் என்று நாளைக்கும் சொல்லுவேன். ஒவ்வொரு வாரமும் அதை நான் சொல்லும்படி வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள்
சொர்ணவல்லி