மீனும் இல்லை, டைனோசரும் இல்லை

அன்புள்ள பெரியவளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் உடம்பளவில் சுகம். மனசளவில் எப்படி என்று இதைப் படித்து முடித்த பிறகு நீயே சொல். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, இருமல் விட்டதா என்றெல்லாம் கேட்கத்தான் ஆசை, ஆனால் ஐந்து வாரமாக நான் கூப்பிட்டால் வேலையாக இருக்கிறேன் என்று இரண்டு வார்த்தை அனுப்புகிறாய், அப்பா கூப்பிட்டால் அதுவும் கிடையாது. அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். இதை நீ பாதியில் துண்டிக்க முடியாது பார்.

அன்றைக்கு நடந்தது எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. நம் சலூனில் கண்ணாடிக்கு மேலே உன் படத்தை ஒட்டி, என் மகள், டைனோசர் ஆராய்ச்சியாளர் என்று தன் கையாலேயே எழுதி வைத்திருந்ததை அப்பா வீடியோ காலில் பெருமையாகக் காட்டினார். நாற்காலியில் ஒருவர் முகம் நிறைய சோப்பு நுரையோடு, பெஞ்சில் நாலு பேர். அத்தனை பேர் காதிலும் விழும்படி நீ, எத்தனை தடவை சொல்வது, அது டைனோசர் இல்லை, இக்தியோசார், தெரியாத விஷயத்தைப் பேசி என்னைக் கேலிப்பொருள் ஆக்காதீர்கள் என்று வெடித்துவிட்டுப் போனை வைத்துவிட்டாய். அப்பா கத்தியை மறுபடி எடுத்து அந்த ஆளுக்கு மழித்து முடித்தாராம், பெஞ்சில் உட்கார்ந்திருந்த தையல்காரர் வந்து சொன்னார். வீட்டுக்கு வந்தவர் பசியில்லை என்று படுத்துக்கொண்டார்.

மறுநாள் உன் தம்பியைப் பிடித்து உட்கார வைத்து அந்த வார்த்தைக்கு அர்த்தம் கேட்டார். இக்தியோ என்றால் மீனாம், சார் என்றால் பல்லியாம், பழைய கிரேக்க பாஷையாம். சரி, மீன்பல்லி என்று வைத்துக்கொள்ளலாமா என்றால் அது மீனும் இல்லையாம், பல்லியும் இல்லையாம், டைனோசரும் இல்லவே இல்லையாம். கடலிலேயே வாழ்ந்து, மூச்சு விட மட்டும் மேலே வந்து, முட்டை போடாமல் குட்டி போட்ட ஊர்வனவாம். பிறகு எதற்கு அந்தப் பெயரை வைத்தார்கள் என்று கேட்டேன். பெயர் வைத்தவர்களுக்கு அப்போது தெரிந்தது அவ்வளவுதான் அம்மா என்றான். படித்தவர்கள் தெரியாமல் வைத்தால் அது பெயர், என் வீட்டுக்காரர் தெரியாமல் சொன்னால் அது கேலிக்கூத்து. நல்ல நியாயம்.

அதோடு விட்டாரா மனுஷன். மூன்று வருஷமாக யார் யாரிடம் டைனோசர் என்று சொன்னாரோ அவர்கள் பெயரையெல்லாம் ஒரு நோட்டில் எழுதினார். ஒவ்வொருவரும் முடி வெட்ட ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒரு முறைதானே வருவார்கள், வர வர ஒவ்வொருவராகத் திருத்தி, பெயரை அடித்துக்கொண்டு வருகிறார். அதையும் கழுத்தில் கத்தி வைத்திருக்கும்போதுதான் சொல்கிறாராம், அப்போதுதான் யாரும் குறுக்கே பேச மாட்டார்களாம். பாங்க் குமாஸ்தா மட்டும் அர்த்தம் கேட்டுவிட்டு, பல்லி பிடிக்கவா உங்கள் பெண் அவ்வளவு தூரம் போனாள் என்று சிரித்திருக்கிறார். அப்பா போர்த்தியிருந்த துணியை உருவிவிட்டு எழுந்து போகச் சொல்லிவிட்டார். பாதித் தலையோடு எதிர்க்கடைக்குப் போனவர் இன்றுவரை திரும்பவில்லை. போன வாரம் அதைவிட மோசம். கால் உடைந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிற பஸ் டிரைவர் இரண்டு மாதத்துக்குக் கடைக்கு வர முடியாதாம், அதற்காகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கேயே போய் அவருக்கு முகம் மழித்து, கூடவே இக்தியோசார் பாடமும் நடத்திவிட்டு, நர்சிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத்தான் தோன்றியது. நோட்டில் இன்னும் பதினோரு பேர் இருக்கிறார்கள்.

இதெல்லாம் உனக்குச் சிரிப்பாக இருக்கும். எனக்கும் முதலில் சிரிப்புதான் வந்தது. ஆனால் நேற்று உன் தம்பி கம்ப்யூட்டரில் ஒரு தாளைப் பார்த்து அச்சடித்துக்கொண்டு வந்தான். நீ வேலை பார்க்கிற அருங்காட்சியகத்தில் நீ பேசப் போகிற கூட்டத்துக்கான அறிவிப்பு. மேலே கொட்டை எழுத்தில் டைனோசர் மாலைப்பொழுது என்று போட்டிருக்கிறது, அதற்குக் கீழே நீ சிரித்துக்கொண்டு நிற்கிறாய். அந்த அளவுக்கு இங்கிலீஷ் எனக்கும் படிக்க வரும். அங்கே யாரிடமும் நீ வெடித்திருக்க மாட்டாய், கூட்டத்துக்கு ஆள் வர வேண்டும், போனால் போகிறது என்று விட்டிருப்பாய். அங்கே விட்டுக்கொடுக்கத் தெரிகிற உனக்கு, எட்டாம் வகுப்போடு நின்று, பத்து மணி நேரம் நின்றே உன்னைப் படிக்க வைத்த மனுஷனிடம் மட்டும் வாய் நீண்டது. எனக்கு வயிறு எரிகிறது, சொல்லிவிட்டேன். அப்பா அதைப் பார்க்கவில்லை. பார்த்தாலும் உங்கள் ஆபீசுக்குப் போன் போட்டுத் திருத்துவாரே தவிர உன்னை ஒன்றும் சொல்ல மாட்டார். அந்தத் தாள் என் வீட்டில் இருக்க வேண்டாம், இத்துடன் மடித்து வைத்திருக்கிறேன், நீயே வைத்துக்கொள்.

தலைக்குக் குளித்தால் நன்றாகத் துவட்டு, வெறும் வயிற்றில் காபி குடிக்காதே. நீ தோண்டுகிற இடமெல்லாம் உன் கைக்கு எலும்பு உடையாமல் முழுசாகக் கிடைக்கட்டும், நூறு வயசு நன்றாக இரு. ஒன்று மட்டும் மறக்காதே. அப்பாவைக் கூப்பிடு. மத்தியானம் கடை காலியாக இருக்கும், அப்போது வேண்டாம். சாயங்காலம் ஆறு மணிக்கு, பெஞ்சு நிறைய ஆள் இருக்கும்போது கூப்பிடு. உனக்கு அது விடியற்காலை என்று தெரியும், எழுந்திரு. போனை ஸ்பீக்கரில் போடச் சொல். நான் என்ன ஆராய்ச்சி செய்கிறேன் அப்பா என்று அவரையே கேள். அவர் சொல்லி முடிக்கிறவரை வாயைத் திறக்காதே. சரியாகத்தான் சொல்வார். ஒருவேளை பதற்றத்தில் டைனோசர் என்றே வந்துவிட்டாலும், ஆமாம் அப்பா என்று சொல்.

இப்படிக்கு,
கோபம் இன்னும் ஆறாத
உன் அம்மா