நுஸ்ஹா இனி யார் மடியிலும் இருக்கமாட்டாள்

மச்சான்,

போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

லீவில் வந்து நிற்கும் உங்கள் கூட்டாளிக்கு இனி நம் வீட்டுக் கதவு திறக்காது. நீங்கள் கத்தாரிலிருந்து கொடுத்தனுப்பிய பார்சல் வந்து சேர்ந்துவிட்டது. பிறகும் எதற்கு நாள் தவறாமல் வருகிறார்? "புள்ளக்கு வெக்கம், மாமாட மடியில இருக்கச் சொல்லு" என்று எத்தனை தரம்தான் சொல்வீர்கள்? வெட்கப்படுகிற பிள்ளை மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் கட்டிலுக்குக் கீழே ஒளியுமா?

நேற்று நுஸ்ஹாவை ஏசாமல் பக்கத்தில் இருத்திக் கேட்டேன். எல்லாம் சொன்னாள்.

நாளை மட்டக்களப்புக்குப் போய்ப் பொலிசில் முறைப்பாடு கொடுக்கிறேன். மானம், மரியாதை என்று எனக்கு வொய்ஸ் அனுப்பாதீர்கள்.

"முதல்லயே ஏன் மகள் சொல்லல்ல?" என்று நேற்று அவளிடம் கேட்டேன்.

"வாப்பாட்டதான் முதல்ல சொன்னன். 'பெரியாக்கள அப்படிச் சொல்லப்படா, போனை மாமாட்ட குடுங்க' எண்டாரு."

உங்கள் மகளின் உம்மா