தடித்த இதயம், குட்டை அலை

மார்ச் 4
இன்று நான் எடுத்த ஏழாவது இதய ஸ்கேன்: எசுமான், அறுபத்தெட்டு வயது, கேப் கோஸ்ட் சந்தையில் தையற்காரர். மூச்சிரைப்பு, கால் வீக்கம். இதயச் சுவர் ஏகத்துக்குத் தடித்திருந்தது.

“ரத்த அழுத்தம்தான்” என்றார் டாக்டர் அக்வா. பிறகு எசுமானின் மனைவி அபாவைப் பிடித்துக்கொண்டார்: “குழம்புல கருவாட்டைக் குறைங்கன்னு ரெண்டு வருசமா எத்தனை தடவை சொல்றது?” அந்த அம்மா தலை குனிந்துகொண்டார்.

மார்ச் 5
உறுத்துகிறது. சுவர் தடித்தால் இசிஜி அலை உயர்ந்து எழ வேண்டும். அவருடையது எறும்பு ஊர்ந்த மாதிரி. அப்படியென்றால் தடித்திருப்பது தசை இல்லையோ?

மார்ச் 11
ரத்த அழுத்த மாத்திரை போட்டதும் எசுமான் தலைசுற்றி விழுந்தாராம். திரும்ப வந்தார்கள். அவருடைய இரண்டு மணிக்கட்டிலும் பழைய தழும்பு. கேட்டேன்.

“ஒன்பது வருசம் முந்தி அறுத்தாங்கம்மா. விரல் மரத்துப்போய், ஊசி எங்க போகுதுன்னே தெரியல. ஒரு மாப்பிள்ளைச் சட்டைய என் கால்சட்டையோட சேர்த்துத் தச்சுட்டேன்!”

“கவனிக்காம விட்டிருந்தா அந்தக் கல்யாணப் பொண்ணு இவரையும் சேர்த்துல்ல கட்டியிருப்பா” என்று சிரித்தார் அபா.

மணிக்கட்டு. இதயம். ஒரே சங்கதியா? வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். ஈரல் சுரக்கும் ஒரு புரதம் உருக்குலைந்து படிகிறது. பலருக்கு முதலில் மணிக்கட்டில் படிந்து நரம்பை நெரிக்கும், வருடங்கள் கழித்து இதயத்தில். அமிலாய்டு. மேற்கு ஆப்பிரிக்கர்களான நம்மிடம் அதற்கான மரபணுக் கோளாறு அதிகமாம். பிறகு ஏன் ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை? இல்லை — பார்த்தும் தெரியாமல் அனுப்பிவிட்டோமா?

மார்ச் 12
டாக்டரிடம் சொன்னேன். “அராபா, நீ படம் எடு. நோயை நான் பாத்துக்கறேன்.”
சே. எனக்கு எதுக்கு இந்த வேலை?
மத்தியானம் அவரே வந்து இசிஜியை வாங்கிக்கொண்டு போனார்.

மார்ச் 29
ரத்தம், சிறுநீர் இரண்டிலும் இன்னொரு வகை அமிலாய்டைத் தரும் மஜ்ஜை நோய்க்கான அறிகுறி இல்லை. தலைநகர் அக்ராவில் எலும்பு ஸ்கேன் எடுத்தார்கள்; அதற்கு ஏற்றும் மருந்து எலும்பில் மட்டுமல்ல, இந்தப் புரதத்திலும் ஒட்டி ஒளிரும். விலா எலும்பை விட இதயம் பளீரென்று! அமிலாய்டுதான்.

அபாவிடம் டாக்டர், “இது உங்க சமையலால வந்ததில்லம்மா” என்றார். அபா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். இரண்டு வருடப் பழி.

தலைசுற்ற வைத்த மாத்திரையை நிறுத்தியாயிற்று. நீர் இறங்க வேறு மருந்து. புரதம் படிவதைத் தடுக்கும் மருந்து எங்களிடம் இல்லை, எழுதிக் கேட்டிருக்கிறோம்.

ஏப்ரல் 20
எசுமான் ஒரு மாடி ஏறினார். நடுவில் ஒருமுறைதான் நின்றார்.

ஜூன் 17
சோதனையில் எசுமானுக்குத் தெரிந்த அந்த மரபணுக் கோளாறு அவருடைய மூத்த மகளுக்கும் இருக்கிறது. முப்பத்தொன்பது வயது. இன்று ஸ்கேனுக்குப் படுத்தவள், “எனக்கும் வருமாக்கா?” என்றாள்.
“வராமலும் போகலாம். வந்தா முளையிலேயே பிடிச்சுடலாம்.”
சுவர் மெலிதாக, சரியாக இருந்தது. டாக்டர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.
“நீ என்ன சொல்றே, அராபா?”