கூடு எல்லோ

வெள்ளவத்தை. ஐப்பசி, ஞாயிறு இரவு.

எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. கந்தோரில் துரைக்கே சிங்களம் விளக்குகிறவன் நான் என்று மனைவியிடம் பீற்றித்தான், மகள் சரசுவை அவிசாவளைக் காட்டுப்பாதைக்குக் கூட்டிப் போனேன். இருவருக்கும் காடு புதிது. மழை ஈரம். எதிரே வந்த சிங்கள விறகுக்காரி எங்களைப் பார்த்து, "கூடெல்லோ! கூடெல்லோ!" என்று கத்தினாள்.

"குருவிக்கூடு எல்லோ எண்டு தமிழிலை சொல்லுறா. மேலை பார், பிள்ளை" என்றேன். இருவரும் அண்ணாந்து நின்றோம். கீழே அட்டைகள் காலில் ஏறி வயிறாரக் குடித்தன. சிங்களத்தில் அட்டைக்குத்தான் அந்தப் பெயராம்!

வீட்டில் இரத்தத்தைக் கண்ட மனைவி, "இனி இவள் ஒரு இடமும் போகத் தேவையில்லை" என்றுவிட்டாள். பிழை விட்டது நான், வீட்டு மறியல் பிள்ளைக்கு!

"அட்டை கடிச்சது நோகேல்லை, அப்பா" என்று அழுதாள் சரசு.

நாளைக்கு இவளுக்காக மனைவியோடு வழக்காட வேண்டும். தமிழில்தானே, அதையாவது விளங்கக் கதைக்கிறேனா பார்ப்போம்.