கதவைத் திறந்தால் மெத்தை

ஜூலை 7, திங்கள்
அக்காவின் கதை வலைத்தளத்தில் இருப்பது ஒரே விளம்பரம், மெத்தைக் கடையுடையது. பக்கத்தின் உச்சியில் கிடக்கிறது, யாரும் சீந்துவதில்லை. இந்த மாதம் வரைதான் பார்ப்பாராம் கடைக்காரர். அவரும் போய்விட்டால் தளத்தை மூடிவிட்டு வேறு வேலை தேடப்போவதாக அக்கா சொல்கிறாள். அப்போது என் தொடர்கதை? இரண்டாம் அத்தியாயம் இப்போதுதான் வந்திருக்கிறது. நாயகி கதவைத் திறக்கிறாள், உள்ளே படிக்கட்டு, அதற்கு அடியில் யாரோ இருமுகிறார்கள். அத்தோடு 'தொடரும்'. இருமியது யாரென்று எனக்கே தெரியாது.

விளம்பரத்தை இடம் மாற்றிப் பார்க்கலாமா என்று கேட்டேன்.

"சரிங்க விஞ்ஞானி," என்றாள் அக்கா.

ஜூலை 9
ஓரத்தில் வைத்தோம். அங்கேயும் ஈ ஓட்டினோம்.

ஜூலை 11
கதையின் நடுவே, 'அவள் கதவைத் திறந்தாள்' என்ற வரிக்குக் கீழே, 'மேலும்' என்று ஒரு பொத்தான் உண்டு. அதை ஒட்டி வைத்தோம். கிளிக்குகள் மளமளவென்று ஏறிவிட்டன! அக்கா என்னைத் தூக்கிச் சுற்றினாள். ஆனால் ஏன்? அதே மெத்தைதானே? இடம் மாறினால் ஆசை வந்துவிடுமா?

ஜூலை 14
விடை கிடைத்தது. அம்மாவிடம் போனைக் கொடுத்துக் கதையைப் படிக்கச் சொல்லிவிட்டு, அவள் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். 'மேலும்' பொத்தானுக்குப் போன விரல் மெத்தையில் பட்டுவிட்டது.

"ஏண்டி, கதவைத் திறந்தா உள்ள மெத்தை இருக்கு?"

"அது விளம்பரம்மா!"

"நான் கதைன்னுல்ல நினைச்சேன். பாவம், புள்ள தூங்கட்டும்னு விட்டுட்டேன்."

அப்படியென்றால் எல்லோரும் விரல் தவறித்தான் அழுத்தினார்களா?

ஜூலை 15
கடைக்காரர் போன் செய்தார். "கடை வெப்சைட்டுக்கு நிறைய பேர் வர்றாங்கம்மா. வந்த வேகத்துல ஓடிடுறாங்க. என் கடையில என்ன பேயா இருக்கு?"

கதை முடிந்த பிறகு, கடைசி வரிக்கும் கீழே வைக்கலாம் என்றேன்.

"கடைசி வரைக்கும் யாருடி படிக்கிறா?" என்றாள் அக்கா. சொன்ன பிறகுதான் என் முகத்தைப் பார்த்தாள்.

அதானே, யாரு படிக்கிறா? எனக்கும் தெரியணும். கீழேயே வைன்னு சொல்லிட்டேன்.

ஜூலை 17
பூஜ்யம்.

ஜூலை 18
ஒன்று! நான் இல்லை, சத்தியமாக. அம்மாவும் இல்லை, கேட்டுவிட்டேன். யாரோ ஒருவர் முழுக்கப் படித்திருக்கிறார்.

ஜூலை 28
கடைக்காரர் மறுபடி கூப்பிட்டார். அக்கா ஸ்பீக்கரில் போட்டாள்.

"கொஞ்சப் பேர்தான் வர்றாங்க. ஆனா நின்னு நிதானமா பாக்குறாங்கம்மா. ஒருத்தர் வாங்கவும் வாங்கிட்டார். விளம்பரம் அங்கேயே இருக்கட்டும்."

அக்காவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"அப்புறம்…" என்று அவர் குரலைத் தாழ்த்தினார். "விளம்பரத்தைத் தேடிக்கிட்டே கீழ வரைக்கும் போயிட்டேன். அந்தப் படிக்கட்டுக்கு அடியில இருமுனது யாரும்மா?"

அக்கா சிரித்துக்கொண்டே போனை என் பக்கம் நீட்டினாள்.

"அதைத்தான் நானும் யோசிச்சிட்டு இருக்கேன், மாமா."

'மூன்றாம் அத்தியாயம்' என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன். முதல் வரி: 'மறுபடியும் இருமல் கேட்டது.'