சீட்டுக்கட்டுக்கு என் பெயரா?

ஹென்னிங்,

உருளைக்கிழங்கு சூப் அடுப்பில் இருக்கிறது, சூடாக்கிக்கொள். உன்னோடு பேச எனக்கு இஷ்டமில்லை.

நம் பலகை ஆட்டத்துக்குப் புது வில்லைகளும் சீட்டுகளும் சேர்க்க வாங்கிய கூடுதல் பெட்டியை, "ஞாயித்துக்கிழமை சேந்தே பிரிப்போம், வீப்கே" என்று சொன்னது யார்? நீயே பிரித்துவிட்டாய், அட்டையிலிருந்து பெயர்த்தெடுக்க எனக்கு ஒரு வில்லைகூட மிச்சம் வைக்கவில்லையே! தனியாக ஆடினாய், சரி. எதிரே ஆள் இல்லாதபோது எதிராளியாக ஆடும் சீட்டுக்கட்டுக்கு என் பெயர் எதற்கு? புள்ளித்தாளைப் பார்த்தேன்: ஹென்னிங் 78, வீப்கே 41. ஆடாமலே தோற்றிருக்கிறேன்!

காலி பாட்டில்களைக் கடையில் திருப்பிக் கொடு.

வீப்கே

இன்னொன்று: காலையில் நானும் தனியாக ஆடினேன். அந்தக் கட்டுக்கு உன் பெயரை வைத்தேன். அதுவும் என்னை ஜெயித்துவிட்டது. ஆறு மணிக்கு வருகிறேன். ஆட்டத்தை விரித்து வைத்து மேசை முன் தயாராக இரு, நேரில் பார்த்துக்கொள்கிறேன்.