நீ நகர்ந்து கொடுத்த இடம்

அன்பான உனக்கு,

நேற்று நடந்ததில் ஒன்றையும் மறைக்காமல் உண்மையாக எழுதுகிறேன்.

அத்தை குழந்தையின் ஞானஸ்நானத்துக்காகப் புதுக்கோட்டையிலிருந்து பஸ் ஏறி உங்கள் ஊர் மாதா கோயிலுக்கு வந்தோம். வெள்ளைக்காரச் சாமியார் கட்டிய பழைய கோயில் என்பதால் நோட்டும் எடுத்து வந்தேன். கல்லறை எழுத்துகளை எழுதிக்கொண்டேன். உள்ளே, வாசலிலிருந்து பீடம்வரை தரையின் நடுவில் சிமெண்டு பூசிய ஒரு கோடு ஓடியது.

“இது என்ன அத்தை?”

“முன்ன குட்டிச் செவுரு இருந்துச்சு. அங்கிட்டு அவங்க சாதி, இங்கிட்டு நம்ம சாதி. இடிச்சு எம்புட்டோ வருசமாச்சு.”

“இப்பயும் அப்படித்தான உக்காந்திருக்காங்க?”

“செவுரு இல்லாட்டி அவங்கவங்க எடம் மறந்துருமா? வாய மூடு புள்ள, பூசை ஆரம்பிக்குது.”

அப்போதுதான் அந்தப் பக்கம் உன்னைப் பார்த்தேன். நீ சிரித்தபடி பெஞ்சில் நகர்ந்து எனக்கு இடம் விட்டாய், வகுப்பில் செய்வதுபோலவே.

அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு வரவிடவில்லை என்று உன்னிடம் சொல்ல நினைத்திருந்தேன். யாரும் பிடிக்கவில்லை. நான்தான் நோட்டில் எழுதுவதுபோல் குனிந்துகொண்டேன். அந்தக் கோட்டைவிட என்மேல்தான் எனக்கு அருவருப்பு. நாளை நீ வேறு பெஞ்சுக்குப் போனாலும் நியாயம்தான்.

எல்லோரும் போனபின் கோட்டைத் தாண்டி, நீ விட்ட இடத்தில் வந்து உட்கார்ந்தேன். கோயில்பிள்ளை, “பூட்டணும், எந்திரி தாயி” என்று சொல்லிவிட்டு விளக்குகளை அணைத்தார்.

உன் பக்கத்து இடத்துக்காரி